மெம்பர்காருவின் பங்கு

நாராயணவனத்தில் மெம்பர் என்றால் ஒரு காலத்தில் பஞ்சாயத்து வார்டு மெம்பர்தான். தெருவிளக்கு எரியாவிட்டால் அவரைத் திட்டலாம். அவரும் பதிலுக்குத் திட்டுவார். இரண்டு நாளில் விளக்கு எரியும். இப்போது கோயில் தெருவில் நின்று "மெம்பர்காரு வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள், வாசலில் இரண்டு கிரானைட் யானைகள் நிற்கும் மாடி வீட்டைக் காட்டுவார்கள். அவர் வார்டுக்கு மெம்பர் இல்லை. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஆளுகைக் குழுவுக்கு மெம்பர். ஆங்கிலத்தில் கவர்னிங் பாடி. ஊர் அதைக் 'கவர்மெண்ட் பாடி' ஆக்கிவிட்டது. அவரும் திருத்தவில்லை.

பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். அதன் பதிவாளர் அலுவலகத்தில் பதினோரு வருஷம் மினிட்ஸ் டைப் அடித்து வெளியே வந்தவன் நான்; கிராஜுவிட்டி இன்னும் கைக்கு வரவில்லை. அது வந்த பிறகு வேண்டுமானால் பெயரைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் போர்டு மெம்பர் என்ற சொல்லுக்கு இருக்கிற மவுசு வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. மலைமேல் தேவஸ்தானத்துக்கு ஒரு போர்டு இருக்கிறது. மெம்பர் லெட்டர் இருந்தால் பெருமாளே எழுந்து நிற்பார் என்பது சுற்றுவட்டார நம்பிக்கை. 2021 செப்டம்பரில் ஆந்திர அரசு அந்த போர்டுக்கு உறுப்பினர்கள் போதாதென்று சிறப்பு அழைப்பாளர்களாக இன்னும் ஒரு 50 பேரை நியமித்தது. உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்தி வைத்தது. அந்த வாரம் முழுக்க மெம்பர்காரு யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்று நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் மெம்பர் ஆன கதை ஒரு நிலக் கிரயத்தில் தொடங்குகிறது. சாலையை ஒட்டி இருபத்திரண்டு ஏக்கரா. வேர்க்கடலை கூட முகம் சுளிக்கும் பூமி. பல்கலைக்கழகக்காரர்கள் கேட்டு வந்தபோது இவர் ஒரு விலை சொன்னார், அவர்கள் ஒரு விலை சொன்னார்கள். நடுவில் இருந்த பள்ளத்தை ஒரு நாற்காலி போட்டு மூடினார்கள். விலையில் விட்டுக் கொடுத்த லட்சத்துக்கு ஒரு எழுத்து என்ற கணக்கில், பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்ந்தது.

அந்த வரி பிறகு எங்கெல்லாம் போயிற்று என்பதைத் தனியாக எழுத வேண்டும். லெட்டர்பேடு, கார் கண்ணாடி, மாம்பழக் கூடையில் ஒட்டும் சீட்டு. மகள் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைவிட அந்த வரிக்குப் பெரிய எழுத்து. சொரக்காய் சுவாமி கோயிலில் அன்னதானத்துக்குக் கொடுத்த அண்டாவிலும் வெட்டச் சொல்லியிருந்தார். பாத்திரக்காரர் இடம் போதாமல் 'கவர்னிங்' என்று நிறுத்திக்கொண்டார். அந்த அண்டா இன்னும் அப்படியே எதையோ ஆண்டுகொண்டிருக்கிறது.

பட்டமளிப்பு விழாதான் உச்சம். ஜரிகை வைத்த கவுன், குஞ்சலம் தொங்கும் குல்லா, நாதஸ்வரம் முன்னே போக, வரிசையில் ஐந்தாவது ஆளாக அவர் நடப்பார். புத்தூர் டெய்லர் ஒருவர் அளவெடுக்க வீட்டுக்கே வந்தார். "கை கொஞ்சம் லூசா இருக்கட்டும்பா, கும்பிடு போடணும்" என்று சொன்னதை நான் காதால் கேட்டேன்.

இங்கே குடும்ப அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தனியார் பல்கலைக்கழகத்தை ஒரு டிரஸ்டோ சொசைட்டியோ தொடங்கும். அதன் தலைவர்தான் பெரும்பாலும் வேந்தர். வேந்தரே ஆளுகைக் குழுவுக்கும் தலைவர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேந்தர் என்ற சொல் புதிதல்ல. ஆகாசராஜன் ஆண்ட ஊர் இது. பத்மாவதியை ஸ்ரீநிவாசனுக்குக் கட்டிக் கொடுத்த ஊர். கல்யாணத்துக்கு மாவரைத்தது என்று சொல்லிக் கோயிலில் ஒரு பெரிய கல்லை இன்றும் காட்டுகிறார்கள். அந்தக் காலத்து வேந்தருக்கு ஒரு மகள். எங்கள் பல்கலைக்கழக வேந்தருக்கு இரண்டு மகன்கள்; மூத்தவர் இணைவேந்தர், இளையவர் செயல் இயக்குநர். துணைவேந்தர் மட்டும் சம்பளத்துக்கு வந்தவர். மூன்று வேந்தரில் யாருக்கு அதிகாரம் என்று புதிதாகச் சேர்ந்த ப்யூனுக்குக் கூட முதல் நாளே தெரிந்துவிடும். துணைவேந்தருக்குத் தெரிய ஒரு செமஸ்டர் ஆகும்.

ஸ்ரீநிவாசன் அந்தக் கல்யாணத்துக்குக் குபேரனிடம் கடன் வாங்கினார் என்பது உலகறிந்த செய்தி. பத்திரத்துக்குப் பிரம்மாவும் சிவனும் சாட்சி என்கிறது தலபுராணம். வட்டி இன்னும் உண்டியலில் விழுந்துகொண்டிருக்கிறது. மெம்பர்காருவின் நிர்வாகத் தத்துவம் முழுவதும் இதிலிருந்து எடுத்ததுதான். "சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்கள யாராவது இன்னிக்கு வரைக்கும் கேட்டிருக்காங்களா, தம்பி?" என்பார். கேட்கவில்லைதான்.

ஆனால் சட்டம் அவரைச் சாட்சி என்று நினைக்கவில்லை. காவல் என்று நினைக்கிறது. பட்ஜெட்டை ஒப்புக்கொள்வது, கணக்கைத் தணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, வந்த பணம் பிள்ளைகளின் படிப்புக்கே திரும்பிப் போகிறதா என்று கேட்பது, வேந்தரே தவறினாலும் தடுப்பது. இதெல்லாம் ஆளுகைக் குழுவின் வேலை. 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் உட்கார்ந்து, கல்வி நிறுவனம் நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபம் கூடாது என்றார்கள். உபரி எங்கே முடிகிறது, கொள்ளை எங்கே தொடங்குகிறது என்பதை அறைக்குள் இருந்து பார்க்க வேண்டியவர் நம்மவர்தான்.

காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாடு பார்த்திருக்கிறது. அதே 2002-ல் சத்தீஸ்கர் ஒரு சட்டம் போட்டது. கொஞ்ச காலத்துக்குள் 112 தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. பலவற்றுக்குக் கட்டடம் கிடையாது, வகுப்பு கிடையாது. பெயர்ப்பலகை மட்டும் உண்டு. பேராசிரியர் யஷ்பால் வழக்குப் போட்டார். 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சட்டத்தில் இவற்றுக்கு வழிவிட்ட பகுதியையே அடித்தது. 112-உம் போயிற்று. நான் இதைச் சொன்னபோது மெம்பர்காரு நிஜமாகவே வருந்தினார். "நூத்திப் பன்னெண்டா! ஒரு யூனிவர்சிட்டிக்குப் பத்து மெம்பர்னு வச்சாலும் ஆயிரத்துச் சொச்சம் பேரு, ஒரே நாள்ல வெறும் ஆளாப் பூட்டாங்களே" என்றார்.

மே மாதம் பிறந்தால் அவர் வீட்டுத் திண்ணை நிறையும். நகரி, புத்தூர், சத்தியவேடு, எல்லை தாண்டித் திருத்தணியிலிருந்து கூட ஆட்கள். சிலர் கையில் எம்செட் நுழைவுத் தேர்வின் ரேங்க் கார்டு. தேர்வின் பெயரை அரசு மாற்றி வருஷங்கள் ஆகியும் எங்களுக்கு அது எம்செட்தான். சிலர் கையில் மல்கோவா. "மெம்பர் கோட்டாவுல ஒரு கம்ப்யூட்டர் சீட்" என்று கேட்பார்கள். மெம்பர் கோட்டா என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. அதைச் சொல்ல அவருக்கு மனம் வராது. ஒரு லெட்டர் எழுதிக் கொடுப்பார். அந்த லெட்டர் அட்மிஷன் ஆபீசுக்கு வரும். அங்கே அதற்கென்றே ஒரு பச்சை ஃபைல் உண்டு. ஃபைல் நிரம்பினால் புது ஃபைல் போடுவோம். அவரால் நிஜமாக நடந்த காரியம் என்று பார்த்தால், ஒரு பையனுக்கு ஹாஸ்டலில் மூன்றாவது மாடியிலிருந்து முதல் மாடிக்கு ரூம் மாறிற்று. அதுவும் அவனுக்குக் கால் முறிந்து புத்தூர்க் கட்டு போட்டிருந்ததால்.

கூட்ட நாளன்று காலை காரில் என்னையும் ஏற்றிக்கொள்வார். முதல் நாள் இரவே அவர் வீட்டுக்கு 212 பக்க அஜெண்டா ஃபைல் போயிருக்கும். அது பின்சீட்டில், கோயில் பிரசாதத்துக்கு அடியில், பிரிக்காமல் இருக்கும்.

"படிச்சீங்களாண்ணா?"

"நீதான் அடிச்ச? தப்பு இருக்காது."

என் டைப்பிங்குக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இதுவரை கிடைத்ததில்லை.

போர்டு ரூம் குளிரும். நீள மேஜை, ஆளுக்கு ஒரு தோல் ஃபைல், ஒரு பேனா, ஒரு தட்டு முந்திரி. வேந்தர் நடுவில். வலப்பக்கம் இணைவேந்தர், வேந்தரின் மைத்துனர், ஆடிட்டர். இடப்பக்கம் ஓய்வுபெற்ற துணைவேந்தர் ஒருவர். இவர் ஒன்பது பல்கலைக்கழகங்களில் மெம்பர், அதனால் சில சமயம் எங்கள் கூட்டத்தில் இன்னொரு பல்கலைக்கழகத்தின் வளர்ச்சியைப் பாராட்டிவிடுவார். அரசு பிரதிநிதிக்கு ஒரு நாற்காலி. அதில் பெரும்பாலும் அவர் வர இயலாமைக்கு வருந்தும் கடிதம்தான் உட்கார்ந்திருக்கும்.

அஜெண்டா ஒரு கலை. புதுப் படிப்பு தொடங்குவது, பரிசு மெடலுக்குப் பெயர் வைப்பது போன்ற பேசக்கூடிய விஷயங்களை முன்னால் வைக்க வேண்டும். மெடல் யார் தாத்தா பெயரில் என்பதற்கு அரை மணி போகும். பிறகு 'ராட்டிஃபிகேஷன்' வரும். நடந்து முடிந்ததை நடக்கலாம் என்று சொல்வதற்கு அதுதான் பெயர். கட்டி, வெள்ளையடித்து, ஃபேன் மாட்டி, பிள்ளைகளைக் குடியேற்றி, ஒரு தடவை சாம்பார் சரியில்லை என்று ஸ்டிரைக்கும் நடந்து முடிந்த ஹாஸ்டலைக் கட்டலாமா என்று குழுவிடம் பணிவாக அனுமதி கேட்போம். குழு யோசித்துவிட்டு அனுமதிக்கும்.

கடைசியில் 'டேபிள் ஐட்டம்'. அச்சான அஜெண்டாவில் இல்லாமல், கூட்டத்தில் மேஜைமேல் வைக்கும் தனித்தாள். இதற்கு நேரம் பார்க்க வேண்டும். காபி முடிந்து, பக்கத்து ஹாலில் பிரியாணி திறக்கும் வாசனை உள்ளே வரும்போது வைக்க வேண்டும். பஸ் கான்ட்ராக்ட், செக்யூரிட்டி கான்ட்ராக்ட், மெஸ் கான்ட்ராக்ட் எல்லாம் அந்த வாசனையில் கரைந்ததை நான் பார்த்திருக்கிறேன். பதிவாளர் சமையற்காரரிடம் பேசாமல் எந்தக் கூட்டத்தையும் தொடங்கியதில்லை.

மெம்பர்காரு அசடு என்று யாராவது நினைத்தால் அவரை மாங்காய் மண்டியில் பார்க்க வேண்டும். சித்தூர்ப் பக்கம் பெங்களூரா மாங்காய்தான் பிரதானம், கூழ் ஃபேக்டரிகளுக்குப் போவது. 2025-ல் அதன் விலை படுத்துவிட்டது. ஃபேக்டரிகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், அரசு 4 ரூபாய் மானியம் சேர்க்கும் என்று ஏற்பாடு. ஃபேக்டரி வாசலில் டிராக்டர் வரிசை ஊரைத் தாண்டி நின்றது. அன்றைக்கு இவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேனேஜரிடம் கேட்ட கேள்விகளை நான் எண்ணினேன்: பதினாலு. எடை மேடைக்கு எப்போது முத்திரை வைத்தீர்கள், டன்னுக்கு இவ்வளவு கழிவு என்று எந்த ஜி.ஓ.வில் இருக்கிறது, எட்டு ரூபாய் என்று போட்டுவிட்டு ரசீதில் ஏன் வேறு எண். மேனேஜர் சட்டை நனைந்துவிட்டது. அந்த மனிதரையே சில்க் சட்டை போட்டு ஏ.சி. அறையில் உட்கார வைத்தால் எப்படி ஊமையாகிறார் என்பதுதான் எனக்குப் பதினோரு வருஷமும் விளங்காத விஷயம். மண்டியில் போவது அவருடைய பணம் என்று ஆடிட்டர் சொன்னார். இருக்கலாம்.

ஒரு தடவை காஞ்சிபுரத்தில் ஜரிகை வாங்கப் போனபோது அவரை உத்திரமேரூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். கிராம வாரியங்களுக்கு ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனைக் கொண்டு எடுக்கச் சொல்லித் தேர்ந்தெடுத்த முறை. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். நான் தகுதிகளைப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும். அவர் தலையசைத்தார். சொந்த மனையில் வீடு வேண்டும். மீசையைத் தடவினார். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். கொஞ்சம் நின்றார். கடந்த மூன்று ஆண்டில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது. முகம் மாறிற்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் வரக் கூடாது; அவனுடைய சின்னம்மா பெரியம்மா மக்கள், அத்தை மாமன் மக்கள், தாய்மாமன், அண்ணன் தம்பி, மாமனார், மருமகன், அக்காள் தங்கையைக் கட்டியவன், அப்பன், மகன் யாரும் வரக் கூடாது.

எங்கள் குழுவின் வருகைப் பதிவேட்டை யாரோ ஆயிரம் வருஷம் முன்னாலேயே கல்லில் வெட்டிவைத்தது போலிருந்தது. மெம்பர்காரு செருப்பை மாட்டிக்கொண்டார். "இதனாலதான் சோழன் ஆட்சி நிக்கல" என்றார்.

நாக் குழு வந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண் போடும் அமைப்பு அது. அதன் அளவுகோல்களில் ஆறாவது, ஆளுகையும் தலைமையும். ஒரு வாரம் முன்பே வெள்ளையடிப்பு, பூந்தொட்டி, மெம்பர்களுக்குப் பயிற்சி. "தொலைநோக்கு, இலட்சியம்" என்று இரண்டு வார்த்தையை மெம்பர்காருவுக்குக் காரிலேயே பாடமாக்கினேன். வந்த குழுவில் தமிழ் தெரிந்த பேராசிரியர் ஒருவர். இவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே கேட்டார்.

"ஐயா, இந்தப் பல்கலைக்கழகத்தில் உங்கள் பங்கு என்ன?"

மெம்பர்காரு நிமிர்ந்து உட்கார்ந்தார். "பங்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நிலத்தக் கிரயமாவே எழுதிக் குடுத்துட்டேன்."

பேராசிரியர் அதைக் குறித்துக்கொண்டார். எந்தத் தலைப்பின் கீழ் என்று தெரியவில்லை.

அன்று திரும்பும்போது அவருக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதையைச் சொன்னேன். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 20 லட்சம் ரூபாயும் கட்டடங்களும் நிலமும் கொடுக்க, 1929-ல் தொடங்கியது. நிறுவனர் குடும்பத்துக்கே இணைவேந்தர் பதவி என்று சட்டத்திலேயே இருந்தது. தமிழிசை, மொழியியல் என்று பெரிய பெயர். எண்பது வருஷம் கழித்துச் சம்பளம் கொடுக்கவே தடுமாறும் நிலை வந்தது. 2013-ல் தமிழக அரசு நிர்வாகியைப் போட்டு, தனிச் சட்டம் கொண்டுவந்து எடுத்துக்கொண்டது. பணம் தட்டுப்படுவது ஒரே நாளில் வருவதில்லை. ஒவ்வொரு வருஷ பட்ஜெட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகாட்டியிருக்கும் இல்லையா, என்றேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். தூங்கவில்லை.

அடுத்த கூட்டத்தில்தான் அது நடந்தது. பட்ஜெட் ஐட்டம். நிதி அதிகாரி வேகமாக வாசித்துக்கொண்டு போனார். "புல்வெளி, பூந்தோட்டப் பராமரிப்பு, முப்பத்தெட்டு லட்சம்."

"எவ்ளோ?"

குரல் எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் பார்த்தார்கள். மெம்பர்காருவும் பார்த்தார்.

"முப்பத்தெட்டு லட்சமா? நாலு ஏக்கரா புல்லுக்கா? நாப்பது ஏக்கரா மாந்தோப்ப, தண்ணி, எரு, மருந்து, கூலி எல்லாம் போட்டு இதுல பாதியில நான் பாத்துக்குவேனே. யாரு கான்ட்ராக்டு?"

ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது. கான்ட்ராக்ட் வேந்தரின் சகலைக்கு. அது அறையில் மெம்பர்காருவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஓய்வுபெற்ற துணைவேந்தர் முந்திரித் தட்டில் ஏதோ ஆராய்ச்சி செய்தார். வேந்தர் சிரித்தார். "அண்ணா சம்சாரி இல்லையா, எங்க போனாலும் புல்லு மேலதான் கண்ணு!" எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கணம் தாமதித்து மெம்பர்காருவும் சிரித்தார். ஐட்டம் நிறைவேறிற்று. கதவு திறந்தது, பிரியாணி.

அன்று மாலை நான் மினிட்ஸில், "புல்வெளிப் பராமரிப்புச் செலவு குறித்து உறுப்பினர் ஒருவர் கேட்டார்" என்று அடித்திருந்தேன். பதிவாளர் சிவப்புப் பேனாவை எடுத்தார். நல்ல மனிதர்; இரண்டு பெண் குழந்தைகள், வீட்டுக் கடன். 'செலவு குறித்து' என்பதை அடித்தார். 'கேட்டார்' என்பதை அடித்து 'பாராட்டினார்' என்று எழுதினார். கீழே இன்னொரு வரி சேர்த்தார்: "குழு அதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்தது." நான் மறுபடி அடித்தேன். தப்பில்லாமல்.

அதற்கடுத்த கூட்டத்தில் முதல் ஐட்டம், வழக்கம்போல, சென்ற கூட்டத்தின் மினிட்ஸை உறுதி செய்தல். ஃபைல் மேஜையைச் சுற்றி வந்தது. மெம்பர்காரு கண்ணாடியைப் போட்டார். பதினோரு வருஷத்தில் அவர் கண்ணாடி போட்டு நான் பார்த்தது அன்றுதான். கொஞ்ச நேரம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில் வடமாலைப்பேட்டை தாண்டிய பிறகு கேட்டார்.

"தம்பி, போன மீட்டிங்குல புல்லப் பத்தி நான் ஏதோ பேசினேன் இல்ல?"

"ஆமாண்ணா."

"இன்னா பேசினேன்?"

"பாராட்டினீங்க."

வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மாமரங்கள் பூ எடுத்திருந்தன. "நல்லாத்தான் இருக்குது புல்லு" என்றார்.

புத்தூர் நுழைவில் புளியமரத்தடியில் ஒரு அம்மா கொய்யா விற்றுக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். நான் உள்ளேயே இருந்தேன். குரல் மட்டும் வந்தது.

"இந்தாம்மா, தட்டு ஏன் ஒரு பக்கமாச் சாயுது? அந்தக் கல்ல இப்படிக் குடு."